கடைசிப் பக்கத்துச் சாவு

யார்க்‌ஷயர் மலைவெளி,
நவம்பர் 1874

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் உங்களைச் சுகமாக வைத்திருப்பார் என நம்புகிறேன். அப்பாவின் இருமல் குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் மூடுபனி இறங்கினால் சுரங்கத் தொழிலாளர் குடிசைகள் தரையை விட்டு மிதக்கின்றன. நானும் கூடவே மிதக்கிறேன்.

சிரிப்பான செய்தி ஒன்று. நான் எழுதிய புதுச் சிறுநூலை, இவர்களுக்கு நான் நடத்தும் ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் வாசித்தேன். இவ்வகைக் கதைகளில் குடிகாரர் மனந்திரும்பி, கடைசிப் பக்கத்தில் சமாதானமாகச் சாவது வழக்கம்தானே. சுரங்கம் தோண்டும் ஜெத்ரோ, அது தன் கதை என்று கண்டுகொண்டார்.

“என்ன அம்மணி, என்னைக் கொன்னுட்டீங்களே! நாளைக்கு உள்ள இறங்கணும்ல?”

“குடிய விட்டு ஒரு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள மோட்சமா?” என்றாள் அவர் மனைவி கெசியா. எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் கலைந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அச்சுல வந்துட்டா பலிச்சிடும். அந்தச் சாவ மட்டும் அடிச்சிடுங்கம்மா.”

அப்படிப் பயப்படுவது விசுவாசமல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையை விடவில்லை. அந்த வரிகளை அடித்துவிட்டேன். இப்போது கதையில் ஜெத்ரோ வேலை முடிந்து வீடு திரும்புகிறார், அவ்வளவுதான். மை உலரும்வரை ஜன்னல் வழியே பனியைப் பார்த்திருந்தேன். அதற்குள்ளிருந்து யாரோ வந்துகொண்டே இருப்பது போலிருந்தது.

சாவில்லாத கதையை, இச்சிறுநூல்களை வெளியிடும் பிரசுரச் சங்கம் அச்சிடாது. அச்சானால் லண்டன் கூட்டத்துக்கு அழைப்பார்கள், அப்படியே வீட்டுக்கும் வரலாம் என்றிருந்தேன். கிறிஸ்துமசுக்கு எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். உங்கள் சாம்பல் நிறச் சால்வையும் வேண்டும். புதிது வேண்டாம், நீங்கள் போர்த்துவதுதான். துவைக்காதீர்கள்.

தபால்காரர் அவசரப்படுத்துகிறார்.

உங்கள் மகள்,
லவினியா