சனிக்கிழமை பாடு யாருடையது

நவ. 6, வியாழன்

காலையிலிருந்து வாடைக் காற்று. மழை இல்லை, வரும். ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்திலிருந்து நாலு படகுதான் வந்தது. வந்த நண்டில் பாதி தண்ணி நண்டு. கட்டைவிரலால் வயிற்றை அழுத்தினால் உள்ளே போகிறது, சதையே இல்லை. திருப்பிக் கொடுத்தேன். முறைத்தார்கள்.

செய்ய வேண்டியவை:
ஐஸ் சொல்ல.
ரெண்டு பெட்டிக்கு மூடி.
பல் டாக்டர் (தள்ளலாம்).
சனி, ஞாயிறு ரேஸ்.

கடைசி ஒன்றுதான் நாள் முழுக்க மண்டைக்குள். போன் விளையாட்டுதான். கார் ஓட்டுவது நம் வேலை இல்லை. டீமை நடத்துவது. எந்த டயர், எவ்வளவு பெட்ரோல், எந்த வண்டி எப்போது வெளியே போவது. வியாபாரிக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. போன வருஷம் கணுக்கால் முறிந்து கிடந்தபோது என் மகள் சுகன்யா போனில் ஏற்றிக் கொடுத்தாள். டீம் பேர் முகத்துவாரம், அவள் வைத்தது. ஒரு கார் எனக்கு, ஒரு கார் அவளுக்கு.

இப்போது அவள் ஓசூரில். மார்ச்சில் எங்களிடம் சொல்லாமல் கல்யாணம். மறுநாள் மூன்று தடவை போன் செய்தாள். போனை நண்டுப் பெட்டி மேல் கவிழ்த்து வைத்தேன். அதற்கப்புறம் அவளும் கூப்பிடவில்லை, நானும் இல்லை. ஆனால் டீமை விட்டு அவள் போகவில்லை. டீமுக்குள் குறிப்பு எழுதுகிற பெட்டி ஒன்று உண்டு. ‘பின் டயர் சூடு, பார்த்துக்கோ’ என்பாள். ‘சரி’ என்பேன். எட்டு மாசமாக அவ்வளவுதான் பேச்சு.

பத்து டீமில் நாங்கள் ஒன்பதாவது, 41 புள்ளி. எட்டாவது தூத்துக்குடிக்காரர்கள், 44. ஞாயிறு கடைசி ரேஸ். கடைசி ரெண்டு டீம் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். கீழே ஒரு டீமுக்கு ஒரே ஆள்தான். இறங்கினால் டீமைக் கலைத்துவிடுவார்கள். குறிப்புப் பெட்டியும் போய்விடும்.

வீட்டுக்காரி மல்லிகாவிடம் இதைச் சொன்னேன். அவள் மகளிடம் தினம் பேசுகிறவள். மீன் கழுவிக்கொண்டே, தலையைத் தூக்காமல்: “பொண்ணாண்ட பேசறதுக்கு உனக்கு காரு வேணுமாய்யா? அது மூணு வாட்டி போன் போட்டாச்சு. இனிமே உன் பாடுதான்.”

எழுந்து ஐஸ் பார்க்கப் போனேன்.

நவ. 7, வெள்ளி

தூறல். பல் வலி கூடுகிறது, இடது பக்கம்.

விதியை எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புத்தி ஓடும். சனி நாலு மணிக்குத் தகுதிச் சுற்று. மூன்று கட்டம். முதல் கட்டத்தில் இருபது கார், ஐந்து கழியும். இரண்டாவதில் பதினைந்து, இன்னும் ஐந்து கழியும். மூன்றாவதில் முதல் பத்து இடத்துக்குப் போட்டி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் பத்தில் வந்தவன், இரண்டாவது கட்டத்தில் எந்த டயரில் ஓடினானோ அதே தேய்ந்த டயரில்தான் ஞாயிறு ரேஸைத் தொடங்க வேண்டும். பதினோராவது ஆளுக்கு அந்தக் கட்டு இல்லை. புது டயர், எது வேண்டுமோ அது. அதனால் பத்தாவதைவிடப் பதினோராவதுதான் லாபம். கூட்டம் பாயும் ஏலத்தில் கடைசிக் கூடைக்குக் காத்திருப்பது மாதிரி. இதைக் கண்டுபிடித்தவன் நான்.

சுகன்யா குறிப்பு: ‘ரெண்டு காரும் மீடியம் டயர். சாஃப்ட் வேண்டாம், பத்து சுத்துல செத்துடும். நாளைக்கு பாடு எனக்கு.’

பாடு என்பது எங்கள் ஏற்பாடு. முன்னால் போகிற கார் காற்றை உடைக்கும், பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு வேகம் கிடைக்கும். ஏரியில் இன்ன நாள் இன்ன இடம் இன்னார் வலைக்கு என்று முறை வைப்பது போல, ஒரு ரேஸ் அவள் பின்னால், அடுத்த ரேஸ் நான் பின்னால். வரிசை போடும் பொத்தான் டீம் தலைவரிடம். தலைவர் நான்.

‘சரி’ என்று எழுதினேன்.

சாயங்காலம் கோட்டைக்குப்பத்தில் பஞ்சாயத்து. எனக்கு இறால் போடுகிற ஏகாம்பரம், அடுத்தவன் பாடு நாளில் வலை விட்டுவிட்டான். அவன் நியாயம்: அந்த ஆள் வலை கிழிசல், பாதி இறால் ஓடிவிடும், என் வலை புதுசு, இடத்தை ஏன் வீணாக்க வேண்டும். ஊர்த் தலைவர் நாட்டார் ரொம்பப் பேசவில்லை. “உன் வலை நல்ல வலைதான்பா, யார் இல்லன்னா? நாளு அவனுது.” ஏகாம்பரத்துக்கு அடுத்த ரெண்டு பாடு கிடையாது. சரியான தீர்ப்பு என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நவ. 8, சனி

நல்ல மழை. படகு வரவில்லை. மல்லிகா பொன்னேரி போயிருக்கிறாள். கை சும்மா இருந்தால் புத்தி கெட்டுப்போகிறது.

மதியத்திலிருந்து ஒரே கணக்கு. என் கார் இன்ஜின் புதுசு. அவளுடையது பழசு, நேர் ரோட்டில் மூச்சு வாங்கும். காற்று என் காருக்குக் கிடைத்தால் ஏழு எட்டுக்குள் வந்துவிடலாம். அவளுக்குக் கொடுத்தால் ரெண்டும் நடுவில் நிற்கும். டீம் போய்விட்டால்? பெட்டி போய்விட்டால்? பத்து தடவை கதவு வரை போய் வந்தேன். டீ போட்டேன், குடிக்கவில்லை.

நாலுக்குப் பத்து நிமிஷம். வரிசையை மாற்றினேன். அவள் முன்னால், நான் பின்னால். அதோடு விட்டேனா? இரண்டாவது கட்டத்துக்கு என் காருக்கு சாஃப்ட் வைத்தேன், ஒரு சுற்றுக்கு அதுதான் வேகம். நாலு மணிக்குப் பூட்டு விழுந்தது. இனி யாரும் மாற்ற முடியாது.

முடிவு: நான் பத்து. சுகன்யா பதினொன்று.

முன்னேற ஆசைப்பட்டுப் போய் நானே அந்தக் கண்ணியில் கழுத்தை விட்டேன். தேய்ந்த சாஃப்ட்டில் தொடங்கப் போகிறவன் நான். அவளுக்குப் புது டயர். அதுவும் அவள் காற்று இல்லாமல் தனியாக ஓடி எடுத்தது. முறைப்படி விட்டிருந்தால் எங்கே வந்திருப்பாளோ, தெரியாது.

நாலே முக்காலுக்குக் குறிப்பு வந்தது.

‘இன்னிக்கு பாடு யாருது நைனா?’

பதில் எழுதி அழித்தேன். திரும்ப எழுதினேன்: உன் இன்ஜின் பழசு, அதனால். படித்துப் பார்த்தால் அப்படியே ஏகாம்பரம் பேச்சு. அழித்தேன். கடைசியில் ‘உன்னுது’ என்று மட்டும் போட்டேன்.

பார்த்துவிட்டாள். ராத்திரி வரை போனைத் திறந்து திறந்து பார்த்தேன்.

பல் வலி தாங்க முடியவில்லை.

நவ. 9, ஞாயிறு

மழை விட்டது. ஏரி கலங்கல். மூன்று படகு. நண்டு சுமார். எடை போடும்போது நம்பரை மறந்து மறந்து கேட்டேன். ஒருத்தி, “இன்னாண்ணா, ஒடம்பு சரியில்லயா?” என்றாள். பல் என்றேன்.

பதினோரு மணி ரேஸ். அவள் வருவாளா என்று பத்தரைக்கே உட்கார்ந்தேன். ஆள் வராவிட்டால் கார் தானாக ஓடும், மந்தமாக. 10.40 இல்லை. 10.50 இல்லை. 10.57க்கு அவள் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. குறிப்பு இல்லை. வந்ததே போதும்.

முதல் சுற்றிலேயே வழி விட்டேன். அவள் தாண்டினாள். பின்னால் தூத்துக்குடி கார் ரெண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. எனக்குச் செய்ய ஒரு வேலைதான் பாக்கி, அவர்களை மறிப்பது. பத்தாவது சுற்றில் டயர் செத்தது. டயர் மாற்ற உள்ளே வா என்று விளையாட்டே மணி அடித்தது. வரவில்லை. பதினாலு சுற்று வரை ரெண்டு பேரையும் பின்னாலேயே வைத்திருந்தேன். அப்புறம் எல்லாரும் தாண்டிப் போனார்கள். நான் பதினெட்டாவது.

அவள் ஏழாவது! அந்தப் பழைய இன்ஜினை வைத்துக்கொண்டு. ஆறு புள்ளி, மொத்தம் 47. தூத்துக்குடிக்காரன் ஒருவன் எப்படியோ எட்டாவது வந்துவிட்டான். நாலு புள்ளி, மொத்தம் 48.

ஒரு புள்ளி.

குறிப்புப் பெட்டியைத் திறந்தேன். சாம்பல் நிறம். ‘டீம் கலைக்கப்பட்டது. குறிப்பு எழுத முடியாது.’ எழுதிப் பார்த்தேன். ஏறவில்லை. எட்டு மாசத்துச் ‘சரி’ எல்லாம் அப்படியே இருக்கிறது, படிக்கலாம்.

மல்லிகா சோறு போட்டு வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தே தோற்றது தெரிந்திருக்கும். சாப்பிடாமல் படகுத்துறைக்குப் போனேன். ஞாயிறு மதியம், ஆள் இல்லை. கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன். நம்பர் மனப்பாடம், இருந்தாலும் தேடுகிற மாதிரி தேடினேன்.

நாலாவது மணியில் எடுத்தாள். ஹலோ இல்லை, எப்படி இருக்கே இல்லை.

“சாஃப்ட்டு ஏன் போட்ட?”

பயத்தில் போட்டேன் என்றேன். இன்னா பயம் என்றாள். சொன்னேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள்.

“கீழ தனித்தனி டீமுதான் நைனா. அடுத்த சீசன்ல உன்ன விட மாட்டேன், பாத்துக்கோ.”

பார்க்கலாம் என்றேன். அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பல் டாக்டரிடம் போனாயா என்று கேட்கிறாள், யார் சொன்னது இவளுக்கு?