யார் நீ என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள்

என் ஆசைத் தம்பி ஏழுமலை,

உன் அக்கா எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் இதை யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை. உனக்கு நானேதான் சொல்ல வேண்டும்.

என் மகன் சேகரின் பெண் பவித்ரா கள்ளக்குறிச்சியில் காலேஜ் படிக்கிறாள். நம் குடும்பத்தில் முதல் காலேஜ்காரி. போன மாதம் அவளுக்குத் தூக்கம் போனது. சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினாள். ஒருநாள் சாயங்காலம் கரும்பு வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகை மூலையில் போய் நின்றுவிட்டாள். கிட்டே வந்தால் வெட்டுவேன் என்றாள்.

தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள், ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். நம் பெரியப்பா மகன் கோவிந்தன் வேப்பிலையும் கயிறுமாக வந்து சேர்ந்தார். அதே கோவிந்தன்தான். உடம்பு தளர்ந்துவிட்டது, குரல் தளரவில்லை.

"யாரு நீ? எந்த ஊரு? இந்தப் பொண்ண இன்னாத்துக்குப் புடிச்ச?" என்று ஆரம்பித்தார்.

உன்னிடமும் அதைத்தானே கேட்டார்? அன்றைக்கு நான் சேகரைப் பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அம்மா சொல்லித்தான் தெரியும். நான் ஏழுமலைதான் என்று அழுதாயாம். பேய் பொய் சொல்கிறது என்று இன்னும் அடித்தார்களாம். வேறு எந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள்? கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியவன் சுவரில்லாத கிணற்றில் விழுந்தாய். பேய் கொண்டுபோய்விட்டது என்றார்கள். உன் காரியத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டும் போனார்கள்.

நான் கொட்டகை வாசலை மறித்தேன். "இன்னாண்ணா, வேப்பிலய எடுத்துக்கினு வந்துட்டீங்க? ஆடு அந்தாண்ட கட்டியிருக்கு, அதுக்குப் போடுங்க."

நாலு பேர் சிரித்தார்கள். கோவிந்தன் முகம் சுண்டியது. கூட்டத்தைத் தெருமுனைக்குத் தள்ளச் சொன்னேன். ஆம்புலன்சுக்குப் போன் போடு, சத்தம் போடாமல் வரச் சொல் என்று சேகரை அனுப்பினேன்.

பிறகு அவள் வெளியே வர வழி விட்டு, தள்ளி ஓரமாக உட்கார்ந்தேன். நீ மிரளும்போது அம்மா அப்படித்தான் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவாள், நீ அடங்குவாய். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

"ஆயா, சுவத்துக்குள்ள பேசிக்கினு இருக்காங்க. உனக்குக் கேக்கலியா?"

"எனக்குக் கேக்கல கண்ணு. உனக்குக் கேக்குது, பயமாத்தான் இருக்கும். நான் எங்கயும் போவல, இங்கியே குந்திக்கினு இருக்கன்."

மாடு அசைபோட்டது. வெகுநேரம் கழித்து, கை வலிக்குது ஆயா என்றாள். கீழே வைத்துவிடு, நான் அதைத் தொடமாட்டேன் என்றேன். வைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இது மூளையில் வருகிற நோய், மாத்திரையை விடாமல் கொடுங்கள் என்றார் டாக்டர். இப்போது தூங்குகிறாள், என் கையால் சோறு தின்கிறாள். காய்ச்சலுக்குக் கொடுப்பதுபோல் உனக்கும் அன்றைக்கு யாராவது ஒரு மாத்திரை கொடுத்திருக்கக் கூடாதா, தம்பி?

கோவிந்தன் என்ன சொல்லிக்கொண்டு திரிகிறார் தெரியுமா? தன் வேப்பிலையைப் பார்த்துத்தான் பேய் பயந்ததாம், ஆனால் இன்னும் முழுசாக இறங்கவில்லையாம். மாத்திரையை நிறுத்திவிட்டு, வரும் அமாவாசைக்குக் கல்வராயன் மலைமேல் பேயோட்டும் ஒரு கோடாங்கியிடம் கொண்டுபோக ஜீப்பே பேசிவிட்டார். சேகர் தலையைச் சொறிகிறான். "பெரியவங்க சொல்றாங்களேம்மா" என்கிறான். பெற்றவள் என்னைவிட எவன்டா பெரியவன் என்று கேட்டேன்.

ஜீப் வரட்டும். பவித்ராவுக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்துவிட்டு, வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிடுவேன். கத்தமாட்டேன், மண்ணை வாரித் தூற்றமாட்டேன். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் என்னைக் கட்டட்டும். உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், எழுந்திருக்க மாட்டேன்.

உன்னோடு ஒரு வயிற்றில் பிறந்த அக்கா,
பாஞ்சாலை
வடக்கனந்தல்