மச்சான் கையைத் தூக்காத நடுவர்

என் அருமை மச்சான் ஏழுமலைக்கு,

நீ போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகிறது. உன் தங்கை கஸ்தூரி நலம். என்னை அதட்டுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் குத்துச்சண்டை என்றாலே தெருச்சண்டை என்று நினைத்த காலம் அது. இரும்பு ஆலையில் ஷிப்ட் முடித்த கையோடு நீ சங்கம் ஆரம்பித்தாய். காலி பீப்பாய்களில் சிமெண்ட் ஊற்றிக் கம்பம் நட்டு, லாரிக் கயிறு கட்டியதுதான் நம் முதல் ரிங். செயலாளரும் நீ, நடுவரும் நீ. முதல் போட்டியிலேயே, கட்டிப்பிடித்துக்கொண்ட இரண்டு தடியன்களைப் பிரிக்கப் போய், தாடையில் ஒரு குத்து வாங்கி மல்லாந்தாய். நேரம் பார்க்க உட்கார்ந்திருந்தவர் ஆர்வக் கோளாறில், விழுந்த வீரனுக்கு எண்ணுவதுபோல் "ஒன்னு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"யோவ், நான்தான்யா ரெஃப்ரீ!" என்று படுத்தபடியே கத்தினாயே!

அடுத்த வருஷம் இறுதிப் போட்டியில் நான். கஸ்தூரிக்கும் எனக்கும் கல்யாணப் பத்திரிகை அடித்தாயிற்று. கடைசி ரவுண்டில் என் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நீ சண்டையை நிறுத்தினாய்.

"வுடு மச்சான், நல்லாத்தான் கீறேன்" என்றேன்.

"இது எத்தினி விரலு?" என்று கையைக் காட்டினாய்.

"எந்தக் கையில?" என்றேன்.

நீ காட்டியது ஒரே கை. அவ்வளவுதான், எதிராளியின் கையைத் தூக்கிவிட்டாய்.

எங்கள் நைனா பொதட்டூர்பேட்டையிலிருந்து சொந்தபந்தத்தோடு வேன் பிடித்து வந்திருந்தார். அங்கேயே குதித்தார். "சொந்த மச்சான் கையத் தூக்காதவன் ஊட்ல எம் புள்ளைக்குப் பொண்ணு எடுக்கறதா? கல்யாணம் வாணாம்!"

அப்பா இல்லாத தங்கைக்கு நீதான் எல்லாம். நீ அவள் பக்கம் ஒருமுறை திரும்பியதை நல்லாயிருந்த ஒரு கண்ணால் பார்த்தேன். ஆனாலும் தீர்ப்பை மாற்றவில்லை நீ.

கூட்டத்தை இடித்துக்கொண்டு கஸ்தூரி வந்தாள். "மாமா, எங்கண்ணன் நிறுத்தலன்னா இவுரு கண்ணே போயிருக்கும். அப்பறம் ஆயுசுக்கும் கையப் புடிச்சிக்கினு யாரு சுத்தறது? நீங்களா?"

நைனா வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். முகூர்த்தத்தன்று அதே வேனில் வந்து இறங்கினார். கல்யாணப் போட்டோவில் என் நெற்றியில் பிளாஸ்திரி, உன் முகமெல்லாம் சிரிப்பு.

ஒன்று கேட்கட்டுமா? இன்னும் அரை நிமிஷம் விட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேனா? கேட்கும்போதெல்லாம் "சோறு ஆறுது, துன்னு" என்று பேச்சை மாற்றினாய். கடைசிவரை சொல்லவே இல்லையே.

இப்போது செயலாளர் வேலை என் தலையில். போட்டிக்கு மண்டபம் தருகிறவர் போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். "எம் புள்ள ஃபைனல்ல கீறான். கொஞ்சம் பாத்து செய்ங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உன் தங்கை டீயை நீட்டினாள். "எங்கண்ணன் இவரையே தோக்கடிச்சிட்டுத்தான் எனக்குக் கட்டி வெச்சாரு. சக்கரை போதுமா சார்?"

பாதி டீயோடு எழுந்து போனார் மனிதர். மறுநாள் மண்டபமும் போயிற்று.

அதனால் என்ன? ஞாயிற்றுக்கிழமை வெட்டவெளியில் போட்டி நடக்கும் மச்சான். அந்தப் பையன் ஜெயித்தால் அவன் கை உயரும், தோற்றால் உயராது. எதுவானாலும், முன்வரிசையில் அவன் அப்பாவுக்கும் ஒரு நாற்காலி போடுவேன். உன்மேல் சத்தியம்.

உன்னிடம் ஒருமுறையும் உன் தங்கையிடம் தினமும் தோற்கிற,
உன் தங்கை புருஷன்
தாமோதரன்