எமரி பெல்ட்டின் முதல் ஓட்டம்

இன்று காலை, உங்களுக்குப் பிறகு பட்டறையில் கத்தி தேய்க்கும் நம் மகன் மெட்ராஸிலிருந்து வாங்கி வந்த எமரி பெல்ட் கட்டைப் பிரித்தான். புதுத்துணியும் வச்சிரப் பசையும் கலந்த அந்த வாடை வந்ததும், நீங்களே பட்டறைக்குள் நுழைந்ததுபோல இருந்தது. கூடவே கோபமும் வந்தது. செத்துப்போன மனுஷன்மேல் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள். நீங்கள் செய்த காரியத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் படலாம்.

மில் வேலை போனபிறகு தட்டாஞ்சாவடியில் கத்திப் பட்டறை போட்டோம். நீங்கள் சாணை மெஷினில், உப்புத்தாள் போலப் பொடி ஒட்டிய பெல்ட்டை ஓட்டிக் கத்தி தேய்ப்பீர்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடி போடுவேன். பெல்ட் மட்டமாக இருந்தால் இரும்பு தேயாது, சூடுதான் ஏறும். விளிம்பில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்தக் கத்தி செத்தது. பிள்ளைச்சாவடி மீன்காரம்மா ஒரு தடவை அப்படி ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து, "கொடுவா முள்ளுல வெச்சா வளைஞ்சிக்குது. இத வெச்சி வாழப்பழந்தான் அறுக்கலாம்" என்று நம் வாசலில் போட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பெல்ட் விற்கிறவன் எல்லாம் உங்களுக்குத் திருடன்தான்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட நீங்கள் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. கடையில் பெல்ட்டைக் கையில் வாங்கியதும் திருப்பிவிடுவீர்கள். முதுகு தாளா, துணியா? பொடி நம்பர் அச்சடித்ததா, அழித்து எழுதியதா? இரண்டு முனையையும் ஒட்டிய இணைப்பு மேடு தட்டுகிறதா? பிறகு மடக்கிக் காதோரம் வைத்து, பொடி உதிர்கிறதா என்று கேட்பீர்கள். "பிரான்ஸ் சரக்குண்ணே, கப்பல்ல வந்தது" என்றான் ஒரு கடைக்காரன். "அப்டியா? எந்த பாஷைல கிழியுதுன்னு பாக்கறேன்" என்றீர்கள். "மொகத்தப் பாத்து வாங்காத, முதுகப் பாரு" என்பதுதான் உங்கள் வேதம்.

அந்த வேதத்தை நான் உங்களிடமே ஓதிப் பார்த்தேன். புது பெல்ட் வந்த மறுநாள் மட்டும் விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவீர்கள். "நீ கோயில்ல பூசையப் பாத்துட்டு மெதுவா வா" என்பீர்கள். நான் பூசைக்குப் போனேனா என்று அதுவரை ஒருநாளும் கேட்காத மனுஷன்! போதாததற்கு, அன்று மட்டும் கல்யாணத்துக்கு எடுத்த முழுக்கைச் சட்டை. கழுத்துவரை பொத்தான். இரும்புத்தூளில் புரளப் போகிறவருக்கு அது யாருக்காக? கேட்டதற்கு, "காத்து ஜில்லுனு இருக்கு" என்றீர்கள். சித்திரை மாதத்தில்! சட்டையை முகர்ந்து பார்த்தேன். பூ வாசனை இல்லை, பவுடர் வாசனையும் இல்லை, வச்சிரம்தான் நாறியது. அதிலும் எனக்குச் சந்தேகம். இவர் ஏமாற்றுவது உறுதியானால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலாப்பட்டில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

ஒருநாள் பூசையை விட்டுவிட்டு நேரே பட்டறைக்கு வந்தேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. சன்னல் இடுக்கில் பார்த்தேன். நீங்கள் மட்டும்தான். புது பெல்ட்டை மாட்டி, கையில் கத்தி எதுவும் இல்லாமல், சுவரோரம் ஒதுங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினைச் சும்மா ஓடவிட்டிருந்தீர்கள். மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நினைக்கும்போதே பட்டென்று இணைப்பு விட்டது. பெல்ட் சாட்டைபோல வந்து உங்கள் தோளில் விழுந்தது. நான் கதவை இடித்த இடியில் ஓடி வந்து திறந்தீர்கள்.

"நீ எங்க இங்க? பூசைக்குப் போவல?"

"பூச கெடக்குது. இன்னா வேல இது?"

"ஜாயின்ட்டு வுடறதுன்னா பெரும்பாலும் மொத ஓட்டத்துலயே வுட்டுடும். கடல் காத்துல பச இளகியிருந்தா யாருக்குத் தெரியும்?" என்று சட்டை கிழிந்த தோளைத் தடவிக்கொண்டீர்கள். "நீ பக்கத்துலயே ஒக்காந்திருக்கறவ. அதான், வுடறது எங்கிட்ட வுட்டுட்டுப் போவட்டும்னு."

அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே! சொன்னால் நானும் கூட வந்து நிற்பேன் என்று உங்களுக்குச் சந்தேகமாம். நான் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். முதுகைப் பார்க்கச் சொன்னது நீங்கள்தானே? அடியைத் தாங்கிக் கிழிந்த அந்த முழுக்கைச் சட்டையை மட்டும் தைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறமும் பிடிவாதமாகத் தனியாகத்தான் போனீர்கள். பெல்ட்டுக்குத் தப்பிய உங்களை மஞ்சள்காமாலை கொண்டுபோய்விட்டது.

இன்று வந்த பெல்ட்டையும் திருப்பிப் பார்த்தேன். துணி நன்றாக இருக்கிறது, நம்பரும் அச்சடித்ததுதான். இணைப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. "கடக்காரரு நல்லவரும்மா" என்கிறான் மகன். நல்லவர் என்று சொன்னாலே எனக்குச் சந்தேகம். காப்பித்தூள் வாங்கி வரச் சொல்லி அவனைக் கடைக்கு அனுப்பினேன். வாசல்வரை போனவன் திரும்பிப் பார்த்தான். நான் அதற்குள் புடவைக்குமேல் உங்கள் முழுக்கைச் சட்டையை மாட்டி, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா இது, பெல்ட்டு வந்தா மட்டும் அப்பா சட்டய எடுத்துப் போட்டுக்கற?"

"காத்து ஜில்லுனு இருக்குடா" என்றேன்.

வெளியே வெயில் கொளுத்தியது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு, பட்டறைக் கதவை உள்ளே தாழிட்டேன்.