தறிக்குழியில் ஒரு பாட்டில் சேறு

2003 ஜூலை 7

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் தலைப்பைச் சொன்னதும் ரேணுகாதேவி மேடம் இன்றும் சிரித்தார். "ஜெயப்ரியா, பால்ல இருக்கற கிருமியை எண்ணு. எல்லாரும் அதான் பண்றாங்க. காந்த பாக்டீரியா எல்லாம் உங்க ஆரணியில கிடைக்காது."

ஏன் கிடைக்காது? ஆரணி பூமியில்தானே இருக்கிறது?

உடம்புக்குள் இரும்பு மணிகளை வரிசையாகக் கோத்து வைத்திருக்கும் ஓர் உயிர். அந்த வரிசை பூமியின் காந்தத்தை உணர்ந்து திசை காட்டுகிறது. கண்ணும் மூளையும் இல்லாமலே தனக்குத் தோதான சேற்றடுக்குக்கு வழி கண்டுபிடித்துப் போய்விடுகிறது. இதை விட்டுவிட்டுப் பால் பாக்கெட்டோடு உட்கார் என்றால் எப்படி? தீபாவளி வரை டைம் கொடுத்திருக்கிறார். பார்க்கலாம்.

ஜூலை 9

சேவூர் ஏரியில் இறங்கி ஒரு பாட்டிலில் சேறும் தண்ணீரும் எடுத்துவந்தேன். இருட்டாக, குளுமையாக வைக்க வேண்டும். வீட்டில் அப்படிப்பட்ட இடம் அப்பா கால் தொங்கப்போட்டு நெய்யும் தறிக்குழிதான். அதன் மூலையில் வைத்தேன்.

"சேத்த எடுத்துகினு வந்து தறிக்குழியில வெக்கிறியே, அறிவு இருக்குதாடி?" என்றார் அப்பா. ஆனால் தூக்கி எறியவில்லை.

ஜூலை 30

ஒன்றும் இல்லை. பாட்டிலில் காந்தத்தை ஒட்டிவைத்து எடுத்த சொட்டைக் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெறும் தூசு.

ஆகஸ்ட் 17

வந்தவாசியிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். கல்யாணம் ஆனால் படிப்பு வேண்டாமாம். மாப்பிள்ளையின் அம்மா சொல்லச் சொல்ல அப்பா தலையாட்டிகினு உக்காந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் போனதும், ஏன் தலையாட்டினீர்கள் என்று கேட்டேன். "உங்க மேடமே ஆவாதுன்றாங்க. தீபாவளிக்குள்ள உன் கிருமி கெடைக்கலன்னா நான் சரின்னு சொல்லிடுவேன்" என்றார்.

சொல்லட்டுமே. கழுத்தை நீட்ட வேண்டியவள் நான்தானே?

ஆகஸ்ட் 27, அமாவாசை

தறி ஓடாத நாள். அப்பா போளூர் போயிருக்கிறார். கல்லூரி விட்டு வந்ததும் குழியில் இறங்கினேன். பாட்டில் தண்ணீர் இவ்வளவு தெளிந்து நான் பார்த்ததே இல்லை. அடியில் கறுப்பு, அதன்மேல் பழுப்பு என்று சேறு அடுக்கடுக்காக நிற்கிறது.

ஆகஸ்ட் 28

காலையில் அப்பா தறியை மிதிக்கத் தொடங்கினார். பாட்டில் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பழையபடி கலங்கல்.

அட முட்டாளே. அந்த அடுக்குகளுக்கு நடுவில்தானே என் பாக்டீரியா குடியிருக்கும்? அடுக்கே நிற்காத இடத்தில் அது எங்கே போய் நிற்கும்? இத்தனை நாளாக அதன் வீட்டைக் கலக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தறி அதிரும் என்பதே உறைக்கவில்லை. இந்தத் தெருவில் எந்த வீட்டில் வைத்தாலும் இதே பேஜார்தான்.

செப்டம்பர் 1

பாட்டிலை வேலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய், மேடம் அறையில், அவர் மேசைக்கு அடியிலேயே வைத்தேன். யாரும் தொடாத இடம் அதுதான்.

"யாரைக் கேட்டு வெச்சே?"

"இப்ப உங்களைத்தான் கேக்கறேன், மேடம்."

முறைத்தார். முறைக்கட்டும். எடு என்று சொல்லவில்லையே.

அக்டோபர் 6

இருக்கிறது. இருக்கிறது. ஆரணியில் இருக்கிறது.

சொட்டின் ஓரத்தில் கூட்டமாக நின்றன. மேடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "இரும்புத்தூள்" என்றார். நான் காந்தத்தை அதே இடத்தில் முனை மாற்றி வைத்தேன். தூளாக இருந்தால் எந்த முனைக்கும் வந்து ஒட்டும். இவை மொத்தமாகத் திரும்பி எதிர் ஓரத்துக்கு நீந்திப் போயின.

மேடம் கண்ணை எடுக்காமல் இன்னொரு முறை திருப்பச் சொன்னார். அப்புறம் இன்னொரு முறை. பால் பேச்சே வரவில்லை.

அக்டோபர் 14

அப்பாவைக் கல்லூரிக்கு இழுத்துகினு போனேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே மாட்டேன் என்கிறார். காந்தத்தை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"திருப்பினா திரும்புதே" என்றார். "என் வூட்லயும் ஒண்ணு இருக்குதுங்க மேடம், இன்னா பண்ணாலும் திரும்ப மாட்டுது."

மேடம் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்ததும், "வந்தவாசிக்கு இன்னா சொல்லப் போறீங்க?" என்று நேராகவே கேட்டேன். அப்பா பஸ் ஸ்டாண்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். எஸ்.டி.டி. பூத்தைப் பார்த்ததும், "இரு" என்று உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

"பொண்ணு படிச்சிகினு இருக்குதுங்க" என்றார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள்.

"படிப்ப வுடுவாளான்னு நான் எப்படிங்க சொல்றது? அவளாண்டயே கேளுங்க" என்று ரிசீவரைக் கதவுக்கு வெளியே நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.