கப்பல்கள் காத்து நின்ற கரையிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் நலத்தையும் மாப்பிள்ளை நலத்தையும் விசாரித்து எழுதச் சொன்னாள், விசாரித்துவிட்டேன். வேனை எடுத்துக்கொண்டு நாங்கள் ஊர் ஊராகச் சுற்றுவதை உன் சித்தப்பா சொல்லியிருப்பான், பாகப்பிரிவினையில் அவ்வளவு பேசிய வாய் சும்மா இருக்குமா. இப்போது ஒரு பழைய துறைமுகக் கரையோரம் விடுதியில் தங்கியிருக்கிறோம், கரையில் ஆள் நடமாட்டமே இல்லை, இடிந்த சுங்கக் கட்டடமும் அதையொட்டி ஒரு கல் கொடிமேடையும்தான். அந்தக் காலத்தில் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்குமாம், மேடையில் கொடி ஏறினால்தான் கரைக்கு வரலாமாம். இதையெல்லாம் எழுதி வைத்திருக்கும் பலகையில் ஆண்டைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள், அங்குள்ள காவலாளியிடம் சொன்னால், "விடுங்க சார், கப்பலே வர்றதில்ல, வருஷம் எதுக்கு" என்கிறார். படித்தவனுக்கு எங்கே போனாலும் இதுதான் மரியாதை.

இங்கிருந்து உன் வீடு அரை நாள் பயணம். வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். உன் அம்மா எனக்குத் தெரியாமல் மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிட்டாள். அவன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தாம்மா இருக்கு, ஓட்டுறவரைத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பின்சீட்டில் உன் தையல் மெஷினைக் கட்டி எடுத்து வந்திருக்கிறாள், உப்புக்காற்று படக்கூடாதென்று தன் போர்வையை அதற்குப் போர்த்திவிட்டுக் குளிரில் படுக்கிறாள். போன தடவை உன் வீட்டுக்கு வந்தபோது குளியலறைக் குழாயைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதற்கு, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நான் கூப்பிட்டா வாங்கப்பா, போதும்" என்றாய். அதை நான் மறக்கவில்லை. நீ கூப்பிடவுமில்லை. குழாயைத் தப்பாகத்தான் பொருத்தியிருந்தார்கள். போன் பண்ணுங்களேன் என்கிறாள் உன் அம்மா, போனில் நான் என்ன பேசுவேன் என்று உனக்கே தெரியும். நேற்று சாயங்காலம் கொடிமேடையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "கொடி ஏத்தலைன்னா அந்தக் கப்பலெல்லாம் என்னங்க பண்ணும், திரும்பிப் போயிடுமா" என்று கேட்டாள். பலகையில் அது இல்லை.

கண் விழித்து வேலை பார்க்காதே, வேளைக்குச் சாப்பிடு. இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க எங்கள் ஆசி. விடுதி முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், பதில் வரும்வரை இங்கேதான் இருப்போம். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது, உன் வீட்டு கேட்டுக்குள் வேன் நுழையுமா, தெருவில்தான் நிறுத்த வேண்டுமா? மெஷின் இருப்பதால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா