நடிகையின் கோட்டை மாட்டியவள்

பெர்ம்,
பிப்ரவரி 27

என் செல்ல லீதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், தொப்பி போடாமல் வெளியே போகக் கூடாது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உனக்குப் பிடிக்காத பேச்சை எடுத்தால் உடனே "அம்மா, சிக்னல் சரியில்ல" என்பாய். காகிதத்துக்கு அந்தக் கோளாறு இல்லை. கடைசி வரை படி.

முதலில் ஊர்ச் செய்தி. காமா ஆறு இன்னும் உறைந்து கல்லாகத்தான் கிடக்கிறது. நான்கு நாளாக மைனஸ் இருபத்தாறு. நம் வீட்டு வெந்நீர்க் குழாய் கசிந்து, ஆள் அனுப்பச் சொல்லி மூன்று தடவை போன் பண்ணினேன். நான்காவது தடவை நேரில் போய் குழாய் பழுதுபார்ப்பவர்கள் அலுவலகத்தில் கோட்டைக் கழற்றி உட்கார்ந்துவிட்டேன், அன்றைக்கே ஆள் வந்தான். என் முழங்கால் மட்டும் எந்த ஆள் வந்தும் சரியாகவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஜீனாவுக்கு நான்காவது பேரன் பிறந்திருக்கிறான். அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

தியேட்டரில் தினமும் கூட்டம். நாடகம் பார்க்க வருகிறவர்களிடம் வாங்கி மாட்டிவைக்க ஒரு இரவுக்கு நானூறு கோட்டு, நாங்கள் இரண்டே பேர். மாட்டுகிற லூப் அறுந்த கோட்டோடு வருகிறவர்களை இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் ஒரு பெரிய மனிதர், காலரெல்லாம் மிங்க் ரோமம், லூப் மட்டும் இல்லை. "வீட்டுல பொண்டாட்டி இல்லையா, இல்ல ஊசி நூல் இல்லையா?" என்று கேட்டேன். "ரெண்டும் இருக்கு, ரெண்டுக்கும் நேரமில்ல" என்றார். இடைவேளைக்குள் நானே தைத்து வைத்தேன். போகும்போது தலை குனிந்து நன்றி சொன்னார். இனி அந்தக் கோட்டின் லூப்பைப் பிடித்து யானையையே தொங்கவிடலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி முடிந்து டிராமுக்கு நின்றிருந்தேன். முப்பது வயதுப் பெண் ஒருத்தி, மூக்கு சிவந்து போய், கழுத்தில் கேமராவோடு வந்தாள். ஒரு படம் எடுக்கட்டுமா, கொஞ்சம் பேசலாமா என்று கேட்டாள். ஆட்களைப் படம் எடுத்து எழுதுகிற உன் தொழில் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "என்னை எதுக்கும்மா எடுக்கற? கொஞ்சம் நில்லு, பாக்க லட்சணமா யாராவது வருவாங்க" என்றேன். அவள் விடவில்லை. "லட்சணமா இருக்கறவங்க தாங்களே எடுத்துக்கறாங்க. உங்க முகத்துல ஒரு கோவம் இருக்கு, அது வேணும் எனக்கு" என்றாள். சிரிக்கச் சொல்லவில்லை. அதனாலேயே நின்றேன். பெயர் வார்யா, எகடெரின்பர்க்கிலிருந்து வந்திருக்கிறாள். கேள்வி கேட்பதில் உன் அளவுக்கு வராது, ஆனால் காது நன்றாக இருக்கிறது.

முப்பத்தொரு வருடமாகக் கோட்டு வாங்கி மாட்டுகிறேன் என்று சொன்னேன். இதுவரை ஒருவர் கோட்டை இன்னொருவருக்குக் கொடுத்ததில்லை என்று சொன்னேன். நாடகம் பார்க்க வந்து இரண்டாம் அங்கத்தில் மாரடைப்பில் போய்விட்டாரே ஒருவர், அவர் கதையையும் சொன்னேன். எல்லோரும் போன பிறகு அவருடைய சாம்பல் நிறக் கோட்டு மட்டும் தொங்கியது. மறுநாள் காலையில் நானே அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அதைக் கையில் வாங்கவில்லை, "நீங்களே மாட்டிடுங்க, உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். கதவுக்குப் பக்கத்தில் அவருடைய கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன். இதைச் சொல்லும்போது வார்யா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு அவள் உன் பெயரையே சொன்னாள்: "எனக்கு இந்த வேலையில ஆசை வந்ததே லீதியா ஷிலோவாவாலதான். அவங்க உங்க ஊர்க்காரங்கதான். அவங்க அம்மா இதே தியேட்டர்ல பெரிய நடிகையாம். உங்களுக்குத் தெரியாம இருக்காதே!"

என் டிராம் வந்தது. அதைப் போகவிட்டேன்.

லீதா, நீ டிசம்பரில் கொடுத்த பேட்டி என் கண்ணில் படவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வந்த அன்றே ஜீனா அதைச் செல்போனில் எடுத்து, "ஏய், நம்ம பொண்ணுடி!" என்று கூவிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "என் அம்மா மேடை நடிகை" என்ற இடத்தில் அவள் குரல் நின்றுபோனது. அன்று முழுக்க எனக்குக் கோபம். சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டு, அதையே பிடிவாதமாகக் குடித்தேன். மறுநாள் கோபம் போய், வலி வந்தது. மூன்றாம் நாள் ஜீனா, "என்னடி நடிகை, இன்னிக்கு என்ன வேஷம்?" என்றாள். "மகாராணி வேஷம்டி. வந்து என் கோட்டை வாங்கு" என்றேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தோம்.

எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பீட்டர்ஸ்பர்க்குக்குப் போன புதிதில், நல்ல உடுப்பு போட்ட யாரோ அம்மாவைப் பற்றிக் கேட்டிருப்பார்கள், நடிகை என்று உன் வாயில் வந்திருக்கும். ஒரு தடவை சொன்ன பிறகு அதைச் சுமந்துதானே ஆக வேண்டும்? இத்தனை வருடம் சுமந்திருக்கிறாய். உனக்கும் தோள் வலித்திருக்கும்.

சரி, டிராம் நிறுத்தத்துக்கு வா. வார்யா என் பதிலுக்காகக் காத்திருந்தாள். "தெரியாம என்ன? முப்பத்தொரு வருஷமா அவங்க கோட்டை நான்தான் மாட்டறேன்" என்றேன். எப்படிப்பட்டவங்க என்று ஆவலாகக் கேட்டாள். "வாய் கொஞ்சம் நீளம். ஆனா வேலையில ஒரு குறை சொல்ல முடியாது" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்போம். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். "ஒரு பொண்ணு. யாரும் திரும்பிப் பாக்காத ஆளுங்களை நிக்கவச்சு, ஊரையே பாக்கவைப்பா" என்று சொல்லிவிட்டேன். என்ன செய்ய, பெருமை வாயை மூடவிடவில்லை.

அவள் கேமராவைக் கீழே இறக்கினாள். என் தாடையைப் பார்த்தாள். நம் இருவருக்கும் ஒரே தாடைதானே, அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? பெண்ணின் பெயர் கேட்கலாமா என்றாள். "கேக்கக் கூடாது" என்றேன். அவள், "அப்போ நானும் எழுத மாட்டேன். எழுதணும்னா அவங்கதான் எழுதணும்" என்றாள். நல்ல பெண். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சூடாகத் தேநீரும் ராஸ்பெர்ரி ஜாமும் கொடுத்து அனுப்பினேன். உன் படம் மாட்டிய சுவரைப் பார்க்காதவள் போலவே உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வார்யாவின் இணையப் பக்கத்தில் என் படம் வந்தது. நீயும் பார்த்திருப்பாய். பார்த்தாயா? நீ ஒன்றும் சொல்லவில்லை, அதனால் கேட்கிறேன். முகத்தில் எல்லாச் சுருக்கமும் விழுந்திருக்கிறது, ஒன்றுக்கும் நான் வெட்கப்படவில்லை. "ரிம்மா, ஐம்பத்தெட்டு வயது, தியேட்டரில் கோட்டு மாட்டுகிறவர்" என்று மட்டும் போட்டிருக்கிறாள். அன்று மாலை கவுன்டரில் ஒரே அமர்க்களம். ஒரு கிழவர் கோட்டைக் கொடுப்பதற்கு முன்னால் கையுறையைக் கழற்றி என் கையைக் குலுக்கினார். பைனாகுலர் வாடகைக்கு எடுத்தால் வரிசையில் நிற்காமல் கோட்டைத் திரும்ப வாங்கலாம் என்பது உனக்குத் தெரியும். அன்று பைனாகுலர் எடுத்தவர்களும் வரிசையில் நின்றார்கள், என்னோடு இரண்டு வார்த்தை பேசுவதற்காக. உள்ளே நடிக்கிறவர்களுக்கு விழும் கைதட்டல் எனக்குக் கதவு வழியாகத்தான் கேட்கும். அன்று என் எதிரிலேயே தட்டினார்கள். ஜீனாவுக்குப் பொறாமை, இரண்டு நாள் என்னை "மேடம்" என்று கூப்பிட்டாள்.

உன் படங்களை நான் ஒன்று விடாமல் பார்க்கிறேன். பொதுக் குளியல் வீட்டில் முதுகு தேய்க்கும் அந்தப் பெண்ணை எடுத்திருந்தாயே, தன் வேலையை அவள் தலை நிமிர்ந்து சொன்னாள் என்று கீழே எழுதியிருந்தாய். அதை நான் மூன்று தடவை படித்தேன். உன்னைத் தவிர யாராலும் அப்படி எடுக்க முடியாது, அந்தக் கண் உனக்கு எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். ஆறு வயதில் என் கவுன்டருக்கு அடியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பூட்ஸைப் பார்த்து "இவர் யாரு, ஏன் தயங்கி நிக்கறாரு?" என்று கேட்பாய். "பூட்ஸைப் பாக்காதே, எழுந்து முகத்தைப் பாரு" என்பேன். எழுந்து பார்த்தாய். இன்று நாடே உன் கண் வழியாகப் பார்க்கிறது. இந்தப் பெருமை எனக்குப் போதும், நடிகைப் பட்டம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மார்ச் 21 அன்று ஆற்றங்கரைக் கண்காட்சிக் கூடத்தில் உன் படங்களின் திறப்பு விழா என்று ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள். பெரிய கூட்டம் வருமாம், கோட்டு வாங்கி மாட்ட அவர்களிடம் ஆள் இல்லையாம். எங்கள் தியேட்டரில் ஒரு ஆளைக் கேட்டார்கள், மேலாளர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். நீ என் மகள் என்று அவருக்குத் தெரியாது. ஜீனாவை அனுப்பச் சொல்லியிருக்கலாம், அவளும் போகிறேன் என்றாள். நான்தான் சரி என்று சொல்லிவிட்டேன். வேலைக்கு ஒளிந்து எனக்குப் பழக்கமில்லை, உன் விழாவை ஜன்னல் வழியாகப் பார்க்கவும் மனசில்லை.

அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். வாசலுக்கு இடது பக்கம், நீல அங்கியில் நிற்பேன். உன்னோடு பத்திரிகைக்காரர்கள் இருப்பார்கள், வார்யாவும் வருவாள். எல்லோரிடமும் வாங்குவது போல உன் கோட்டையும் வாங்குவேன். நீ "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் டோக்கன் கொடுத்து அனுப்புவேன், ஒருவரிடமும் வாய் திறக்க மாட்டேன். பயப்படாமல் வா. கடவுள் உன் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும்.

வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிட நினைத்தால், சத்தமாகக் கூப்பிடு கண்ணே. அங்கே கூட்டம் அதிகமாக இருக்கும், எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

முத்தங்களுடன்,
உன் அம்மா